அலுமாரியில் இருந்தவை மட்டும் செத்தன: மீன் கிடங்கு வெப்பப் பதிகருவி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன வாடைக் காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் 12 வெப்பப் பதிகருவிகள் செய்தேன். கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவர் கேட்டிருந்தார். திருகோணமலைக் கொட்பே துறைமுகத்தில் அவருக்கு இரண்டு பலநாட் கலங்கள் நிற்கின்றன. நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நானாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கலம் இரண்டு மூன்று கிழமை கடலில் கிடக்கிறது. கிடங்கின் எந்த மூலையில், எத்தனையாம் நாள் ஐஸ் தோற்கிறது? உருகுகிற ஐஸோடு ஒட்டிக் கிடக்கும் மீன் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். சூரை, கெலவல்லை மாதிரி மீன்கள் 4 டிகிரிக்கு மேல் கிடக்கக் கிடக்க அவற்றில் ஹிஸ்டமின் சேரும். சேர்ந்துவிட்டால் சமைத்தாலும் போகாது. விலை விழுவது பேலியகொடை மீன் சந்தையில் தெரியும். அதற்கான காரணம் பல நாள் முன்னமே நடுக்கடலில் நடந்து முடிந்திருக்கும். அந்த நாளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

ஒரு மாதத்துக்குள் 7 கருவிகள் செத்துப் போயின. என் கணக்கின்படி அவை நான்கு வருடம் ஓட வேண்டியவை. பிழை என்னுடையதுதான். ஆனால் அது ஒளிந்திருந்த இடம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் கருவி செய்கிற எவரும் பார்க்காமல் விடக்கூடிய இடம். அதனால்தான் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

கருவி

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே மூன்று சிப்புகள். வெப்பம் அளக்க டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ரிஎம்பி102. எல்லாவற்றையும் நடத்த அட்மெகா328பி, 1 மெகாஹேர்ட்ஸில். அளவுகளைச் சேமிக்க 32 கிலோபைட் கொள்ளும் 24ஏஏ256 நினைவகம். சக்திக்கு ஒரு சிஆர்2032 பட்டன் பற்றரி. 10 நிமிடத்துக்கு ஒரு அளவு, அளவுக்கு 2 பைட் என்றால் நினைவகம் 113 நாள் தாங்கும். எந்தப் பயணத்துக்கும் இது தாராளம்.

ஏன் ரிஎம்பி102 என்று ஒருவர் கேட்கலாம். இந்த மாதிரி வேலைக்கு இங்கே எல்லோரும் கை வைப்பது துருப்பிடிக்காத குழாய்க்குள் அடைத்து வரும் டிஎஸ்18பி20 தான். நல்ல சிப். ஆனால் அது 3.0 வோல்ற்றுக்குக் கீழே உத்தரவாதம் தராது; சிஆர்2032 புதிதாக இருக்கும்போதே 3 வோல்ற்றைச் சுற்றித்தான் நிற்கும், ஐஸுக்குள் போனால் இன்னும் கீழே. அதோடு 12 பிட் அளவீடு ஒன்றுக்கு அது 750 மில்லிசெக்கன்ட் வரை எடுக்கும், அந்த நேரம் முழுக்க 1 மில்லி அம்பியர் அளவில் குடிக்கும். ரிஎம்பி102 அதே 0.0625 டிகிரி நுணுக்கத்தை 26 மில்லிசெக்கன்டில், 40 மைக்ரோ அம்பியரில் தந்துவிடும். 1.4 வோல்ற் வரை இறங்கி வேலை செய்யும். சிறிய பற்றரியோடு குளிருக்குள் போகும் கருவிக்கு எனக்கு இதை விட வேறு தெரிவு தோன்றவில்லை.

அட்மெகாவை ஆழ்ந்த உறக்கத்தில் போட்டு, அதன் உள்ளேயே ஓடும் வொட்ச்டொக் கடிகாரத்தால் 8 செக்கன்டுக்கு ஒருமுறை தட்டி எழுப்பினேன். 75 தரம் எழும்பினால் 10 நிமிடம். அந்தக் கடிகாரம் துல்லியமானதல்ல, வெப்பத்துக்கும் வோல்ற்றளவுக்கும் ஏற்ப முந்தும் பிந்தும். அதனால் பயணம் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கையால் குறித்து வைத்து, இடையில் உள்ள அளவுகளை அந்த இரண்டுக்கும் நடுவில் பங்கிட்டுக் கொள்வேன். ஐஸ் எந்த நாள் தோற்றது என்று பார்க்க அது போதும்.

கணக்கு இப்படி: 3 வோல்ற்றில் வொட்ச்டொக் ஓடிக்கொண்டிருக்க உறங்கும் அட்மெகாவுக்கு ஏறத்தாழ 4 மைக்ரோ அம்பியர். உறங்கும் ரிஎம்பி102 வழக்கமாக அரை மைக்ரோ அம்பியர், அதிகம் போனால் 1. நினைவகம் அதிகம் போனால் 1. மொத்தம் 6 என்று வைத்தேன். பற்றரியின் கொள்ளளவு 220 மில்லி அம்பியர் மணி. 220ஐ 0.006ஆல் வகுத்தால் 36,000 மணித்தியாலத்துக்கு மேல் வரும், அதாவது நாலு வருடம். பாதியாகக் குறைந்தாலும் இரண்டு வருடம் என்று நானாவிடம் நம்பிக்கையோடு சொன்னேன்.

எது செத்தது, எது பிழைத்தது

கலத்துக்கு இரண்டு என்று நாலு கருவிகள் கிடங்குக்குள் போயின. ஒன்றை நானா தன் கடை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். மிச்சம் ஏழையும் என் வீட்டு அலுமாரியில் வைத்தேன். வாடைக்காற்று ஏறினால் எங்கள் பக்கம் கடல் அடங்காது; கலங்கள் போவதும் குறையும். வைகாசிக்குப் பிறகு எல்லாவற்றையும் இறக்கலாம் என்று யோசனை. ஓடுகிறதா என்று பார்க்கட்டும் என்று ஏழையும் இயக்கியே வைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அலுமாரியில் இருந்த ஒன்றைக் கணினியில் பொருத்தினால் பதில் இல்லை. அடுத்ததும் இல்லை. ஏழும் அப்படித்தான். பதற்றத்தோடு நானாவுக்குப் போன் எடுத்தேன், கடலில் இருப்பவையும் போயிருக்கும் என்று மனத்தில் முடிவு கட்டிவிட்டேன். கலங்கள் கரைக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, நாலும் ஓடிக்கொண்டிருந்தன. கடை ஐஸ் பெட்டியில் இருந்ததும் ஓடியது.

நான் முதலில் சந்தேகப்பட்டது உப்பு ஈரத்தை. கடற்கரை ஊரில் எந்தச் சேர்க்கிட் செத்தாலும் முதல் பழி அதன் மேல்தான் விழும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தவை பிழைத்திருக்க, உலர்ந்த அலுமாரியில் சட்டைத் துணிகளுக்கு நடுவில் இருந்தவை ஏன் சாக வேண்டும்? திறந்து பார்த்தேன். சேர்க்கிட் பலகை சுத்தமாக இருந்தது. அடுத்த சந்தேகம் குளிர். அது இன்னும் தலைகீழ். குளிரில் பற்றரியின் உள்தடை கூடுமே தவிரக் குறையாது. மூன்றாவது, பற்றரிகள் மோசமாக இருக்கலாம். அதே அட்டையில் மிஞ்சியிருந்த இரண்டை எடுத்து 1 கிலோ ஓம் தடையியைக் குறுக்கே வைத்து வோல்ற்றளவு பார்த்தேன். இப்படிச் சுமை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சும்மா மீற்றரை வைத்தால் முக்கால்வாசி தீர்ந்த பட்டன் பற்றரியும் 3 வோல்ற் காட்டி ஏமாற்றும். இரண்டும் அசையாமல் நின்றன. பற்றரியில் குறை இல்லை.

அடுத்த நாள் கருவிகளை வாங்கப் போனபோது நானா கடை வாசலில் ரெஜிபோம் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஐஸுக்குள்ள கிடந்தது எல்லாம் உயிரோட இருக்கு. வெளியில இருந்ததுதான் செத்துப் போச்சு. மீன் மாதிரியே இருக்கே."

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வீடு வருமட்டும் அந்த வசனம்தான் மண்டைக்குள் ஓடியது. கடல், கரை என்று நான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானா குளிர், சூடு என்று பிரித்துவிட்டார். வெப்பம் கூடினால் மின்சாரம் கூடக் குடிக்கிற ஏதோ ஒன்று அந்தப் பலகையில் இருக்கிறது.

30 மில்லிவோல்ற்

மைக்ரோ அம்பியரை அளப்பது லேசான வேலை இல்லை. என்னிடம் இருப்பது கடையில் கிடைக்கிற மலிவு மல்டிமீற்றர். அதன் 200 மைக்ரோ அம்பியர் அளவில் வைத்தால் உள்ளே 1 கிலோ ஓம் தொடரில் நிற்கும். கருவி உறங்கும்போது பரவாயில்லை. எழும்பி மில்லி அம்பியர் கேட்கும் கணத்தில் அந்த 1 கிலோ ஓமிலேயே வோல்ற்றளவு விழுந்து சிப் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது உங்கள் மீற்றர் உண்டாக்கிய நோயைத்தான். ஆகவே பற்றரியோடு தொடரில் ஒரு 100 ஓம் தடையி வைத்து, அதன் இரண்டு முனையிலும் மில்லிவோல்ற் பார்த்தேன். 0.1 மில்லிவோல்ற் என்றால் 1 மைக்ரோ அம்பியர். நான் எதிர்பார்த்தது 0.6.

மீற்றர் காட்டியது 30.2.

300 மைக்ரோ அம்பியர். 220ஐ 0.3ஆல் வகுத்தால் 733 மணித்தியாலம், ஒரு மாதம். செத்த ஏழுக்கும் கணக்குச் சரி. ஆனால் எங்கே போகிறது?

அளவீட்டு இடைவெளியை 8 செக்கன்டாகக் குறைத்தேன். ஐஸ் கட்டி ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, ரிஎம்பி102 இருக்கும் மூலையில் அழுத்திப் பிடித்தேன். மீற்றர் 30.2இலேயே நின்றது. அரை நிமிடம், ஒரு நிமிடம். விரல் விறைத்துக்கொண்டு வந்தது. எழும்பும் கணத்தில் எண்கள் ஒருமுறை துள்ளும், பிறகு பழைய இடத்துக்கே வரும். கையை எடுத்துவிடலாம் என்று நினைக்கும்போது இன்னொரு துள்ளல், அதற்குப் பிறகு மீற்றர் 0.6க்கு விழுந்து அப்படியே நின்றது. மெதுவாக இறங்கவில்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே அடியில் விழுந்தது. ஐஸை எடுத்தேன். கொஞ்ச நேரம் 0.6. பிறகு ஒரு துள்ளலோடு மறுபடி 30.2.

இப்படிப் படி வைத்தாற்போல் மாறுகிற ஒன்று கசிவாக இருக்க முடியாது. கசிவு என்றால் வெப்பத்தோடு வளைந்து வளைந்து ஏறும். பதிவில் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். 3 டிகிரிக்குக் கீழ் போனபோது அணைந்திருந்தது, 4ஐத் தாண்டியபோது எரிந்திருந்தது. மூன்றும் நாலும் நான் என் கையால் நிரலில் எழுதிய எண்கள்.

ரிஎம்பி102இல் அலேர்ட் என்று ஒரு கால், அதாவது இணைப்பு முனை, இருக்கிறது. மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு பதிவகங்களில் (சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடங்கள்) எண் எழுதி வைத்தால், வெப்பம் மேல் எல்லையைத் தொட்டதும் சிப் அந்தக் காலைத் தரைக்கு, அதாவது 0 வோல்ற்றுக்கு, இழுக்கும். கீழ் எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் விடும். அது தானாக உயர்நிலைக்கு வராது. வெளியே ஒரு தடையி அதை மேலே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் நானா ஒரு சிவப்பு விளக்குக் கேட்டிருந்தார், 4 டிகிரி தாண்டினால் எரிய. அதற்காகத்தான் அலேர்ட் காலை அட்மெகாவுக்கு இழுத்து 10 கிலோ ஓம் தடையி ஒன்றும் பற்றவைத்தேன். பிறகு ஐஸ் மலைக்கு அடியில் கிடக்கும் பெட்டியில் விளக்கு எரிந்து யார் பார்ப்பது என்று விளக்கைக் கழற்றிவிட்டோம். தடையி அங்கேயே இருந்தது. எல்லைகளை எழுதும் நாலு வரி நிரலும் அங்கேயே இருந்தது.

அலுமாரிக்குள் 27, 28 டிகிரி. மேல் எல்லை 4. அலேர்ட் கால் பகலும் இரவும் தரையில். 3 வோல்ற்றை 10 கிலோ ஓமால் வகுத்தால் 300 மைக்ரோ அம்பியர். ஐஸுக்குள் இருந்தவற்றில் கால் விடுபட்டிருந்தது, அங்கே மின்சாரம் ஓடவில்லை. மீனைக் காக்கிற அதே ஐஸ் பற்றரியையும் காத்திருக்கிறது. நானா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

உறக்கம் என்றால் எது உறங்குகிறது

"சென்சரை உறங்கப் போட்டாயே, உறங்குகிற சிப் எப்படிக் காலை இழுத்துக்கொண்டிருக்கும்?" என்று என் மைத்துனன் கேட்டான். சரியான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்திருந்தால் தடையியை முதல் நாளே கழற்றியிருப்பேன்.

ரிஎம்பி102 இயல்பாக, மின்சாரம் கொடுத்தவுடன், செக்கன்டுக்கு 4 தரம் அளக்கும். அப்போதுகூட அது முழு நேரமும் விழித்திருப்பதில்லை. 26 மில்லிசெக்கன்ட் அளந்துவிட்டு, அடுத்த தரம் வருமட்டும் உள்ளே பெரும்பகுதியை அணைத்து வைக்கும். அளக்கும்போது 40 மைக்ரோ அம்பியர், காத்திருக்கும்போது 2.2. சராசரி 7 அளவில் வரும், அதிகம் போனால் 10. வேகத்தை ஆகக் குறைத்து 4 செக்கன்டுக்கு ஒருமுறை என்று வைத்தால் சராசரி 2.5க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குக் கீழே இறங்காது. ஏனென்றால் அடுத்த தரம் எப்போது என்று எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம் உள்ளே விழித்திருக்க வேண்டும்.

உறங்குநிலை பிட்டை 1 ஆக்கினால் அந்தக் கடிகாரமும் நிற்கும். அளக்கும் பகுதி, எண்ணாக மாற்றும் பகுதி எல்லாம் அணையும். அட்மெகாவோடு பேசும் ஐ2சி கம்பிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதி மட்டும் மிஞ்சும். இல்லாவிட்டால் எழுப்ப வழி இருக்காது. பதிவகங்களில் எழுதியதும் அழியாது. இங்கேதான் விஷயம். மேலே சொன்னபடி எல்லையோடு ஒப்பிட்டுக் காலை இழுத்து வைப்பதற்குக் கம்பரேட்டர் முறை என்று பெயர்; அந்த முறையில் அலேர்ட் கால் கடைசி அளவீட்டின் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டே உறங்கும். இந்தக் குடும்பத்துக்கே மூத்ததான எல்எம்75இன் தரவுத்தாளில் இது ஒரு வசதியாகவே சொல்லப்பட்டிருக்கிறது: கம்பரேட்டர் முறையில் சிப்பை உறங்க வைத்தாலும் வெளியீட்டுக் கால் மாறாது என்று. விசிறியை ஓட்டுகிறவனுக்கு அது தேவை. சிப் உறங்கியதும் விசிறி நின்றுவிடக் கூடாது. பட்டன் பற்றரிக்காரனுக்கு அதுவே ஆபத்து. வாசிக்கும்வரை மட்டும் காலை இழுத்து வைக்கும் இன்டரப்ட் முறையில் என்றால் உறங்கப் போடும்போது எல்எம்75இன் கால் விடுபட்டுவிடும்.

எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் உறைத்தது. ரிஎம்பி102ஐ உறங்கவே வைக்காமல் இயல்பு வேகத்தில் விட்டிருந்தாலும் கருவி முழுவதும் 13 அல்லது 16 மைக்ரோ அம்பியர்தான் குடித்திருக்கும், ஒன்றரை வருடம் ஓடியிருக்கும். 7ஐ 0.5 ஆக்க நான் இரண்டு இரவு நிரல் எழுதினேன். அதே பலகையில் அரைச் சதமும் பெறாத ஒரு தடையி 300ஐக் குடித்துக்கொண்டிருந்தது. தரவுத்தாளின் முதல் பக்கத்தில் இருக்கும் அரை மைக்ரோ அம்பியர் என்ற எண் சிப்பின் மின் காலுக்குள் போவதை மட்டும்தான் சொல்கிறது. சிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றக் கம்பிகள் வழியாகப் போவதற்கு அது பொறுப்பில்லை.

ஐ2சியின் இரண்டு கம்பிகளிலும் இதே கதை ஒளிந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது இரண்டும் உயரே நிற்கும், தடையிகளில் மின்சாரம் ஓடாது. ஆனால் உறங்கப் போகும்முன் அட்மெகாவின் கால்களை எல்லாம் தாழ்நிலைக்கு இறக்கி வைத்தால் நல்லது என்று யாராவது நினைத்தால், 4.7 கிலோ ஓம் ஒவ்வொன்றும் 600 மைக்ரோ அம்பியருக்கு மேல் குடிக்கும். அந்தத் தவற்றை நான் செய்யவில்லை, செய்யக்கூடியது என்பதால் சொல்கிறேன்.

தடையியைக் கழற்றினேன். எல்லை எழுதும் வரிகளை அழித்தேன். அப்போது மேல் எல்லை சிப்பின் சொந்த இருப்பான 80 டிகிரிக்குப் போய்விடும். மீற்றர் 0.6க்கு வந்தது, ஆனால் நிற்கவில்லை. கையைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் ஊசலாடியது. தடையி போனதால் அலேர்ட் கம்பி அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அட்மெகா உறங்கும்போது பொதுவாகக் கால்களின் உள்வாசலை மூடிவிடும். இன்டரப்டுக்காக, அதாவது வெளிச் சைகை வந்து எழுப்புவதற்காக, திறந்து வைத்த காலை மூடாது. அந்தப் பழைய இன்டரப்ட் வரியும் நிரலில் இருந்தது. அதையும் அழித்து, காலை வெளியீடாக்கித் தாழ்நிலையில் வைத்தேன். 0.6, அசைவில்லை. அறையின் சூட்டிலும் அதுதான், ஐஸிலும் அதுதான்.

கன்னியாவில் ஒரு ஞாயிறு

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மருமகனைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்காக ஒரு கருவியை 1 நிமிட இடைவெளியில் வைத்துக் கொண்டுபோனேன். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு என்று நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் கேட்டு, கை விட்டுப் பார்த்து, குளித்து வளர்ந்தவர்கள். எண்ணாகப் பார்க்க அவனுக்கு ஆசை. வாளியில் அள்ளிய தண்ணீருக்குள் கருவியை அமுக்கிப் பிடித்து, அவன் கொப்பியில் நேரம் குறித்தான்.

வீட்டுக்கு வந்து ஒப்பிட்டால், கருவி வெந்நீருக்குள் முழுதாக இருந்த நிமிடத்தில் காற்றின் 30 டிகிரி பதிவாகியிருந்தது. எல்லாக் கிணற்றுக்கும் ஒரு நிமிடம் பின்னால். முதலில் எபொக்சிப் பூச்சைத்தான் குறை சொன்னேன். தடித்த பூச்சுக்குள் சூடு ஏற நேரம் எடுக்கும். ஆனால் பூச்சின் தாமதம் என்றால் கோடு வளைந்து ஏற வேண்டும். இது வளையவில்லை, அப்படியே ஒரு கட்டம் தள்ளி நின்றது. இடைவெளியை 8 செக்கன்டாக மாற்றி வீட்டில் வெந்நீரில் போட்டேன். தாமதம் 8 செக்கன்ட். 10 நிமிடமாக மாற்றினேன். தாமதம் 10 நிமிடம். பூச்சுக்கு என் இடைவெளி தெரியாது. தாமதம் நிரலில்தான்.

ஒற்றை அளவீட்டு முறை இப்படி வேலை செய்யும்: உறங்கும் சிப்பில் ஒரு பிட்டை 1 ஆக்கினால் அது எழும்பி ஒருமுறை அளந்து, விடையைப் பதிவகத்தில் போட்டுவிட்டுத் தானே உறங்கப் போகும். அளக்க 26 மில்லிசெக்கன்ட், அதிகம் போனால் 35. நான் பிட்டை எழுதிய கையோடு பதிவகத்தை வாசித்துவிட்டேன். சிப் மறுக்காது, பிழை என்றும் சொல்லாது. பதிவகத்தில் கிடக்கும் பழைய விடையை, 10 நிமிடத்துக்கு முந்தியதை, மரியாதையாக எடுத்துத் தரும். கிடங்குக்குள் வெப்பம் மெதுவாகத்தான் மாறும் என்பதால் கலங்களின் பதிவில் இது கண்ணுக்குத் தெரியவே இல்லை.

இதில் என்னை உண்மையாகவே பயப்படுத்தியது ஒவ்வொரு பதிவின் முதல் வரி. அங்கே 0.00 என்று இருந்தது. மின்சாரம் கொடுத்து முதல் அளவீடு முடியும்வரை ரிஎம்பி102இன் பதிவகம் 0 டிகிரி காட்டும். டிஎஸ்18பி20 என்றால் அந்த இடத்தில் 85 காட்டும். மீன் கிடங்கில் 85 என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், உடனே பிடித்துவிடலாம். 0 என்பது நாங்கள் ஏங்கிக்கொண்டிருக்கிற எண். பற்றரியின் தொடுப்பு அலையில் ஆடி, கருவி நடுவழியில் அணைந்து அணைந்து எழும்பியிருந்தால், ஐஸ் தீர்ந்த கிடங்கிலும் வரிக்கு வரி 0.00 எழுதியிருக்கும். நானா அதைப் பார்த்து, மீன் நன்றாக இருந்திருக்கிறது என்று நம்பியிருப்பார்.

இப்போது பிட்டை எழுதிய பிறகு அட்மெகாவை வொட்ச்டொக்கால் 64 மில்லிசெக்கன்ட் உறங்கப் போடுகிறேன். அதற்கு முந்திய படி 32. அது 26க்கும் 35க்கும் நடுவில் விழும், பத்து சிப்பில் சரியாக இருந்து பதினோராவதில் கழுத்தை அறுக்கும். எழும்பியதும் முதலில் அதே பிட்டை வாசிக்கிறேன். அளந்துகொண்டிருக்கும்போது 0, முடிந்தால் 1. 1 வந்தால்தான் வெப்பத்தை வாசிப்பது, இல்லாவிட்டால் இன்னொரு 64. மின்சாரம் வந்த முதல் அளவை எறிந்துவிட்டு, கருவி தொடங்கிய இடத்தில் வெப்பமாக இருக்கவே முடியாத ஒரு எண்ணை எழுதி வைக்கிறேன். நடுவில் அணைந்து எழும்பினால் பதிவிலேயே அது தெரியும்.

ஒற்றை அளவீடு இல்லாத சிப்பும் உண்டு. பழைய எல்எம்75 அப்படித்தான். அதை உறக்கத்திலிருந்து எழுப்பி, 100 மில்லிசெக்கன்டோ அதற்கு மேலோ காத்திருந்து, வாசித்து, மறுபடி உறங்கப் போட வேண்டும். சீக்கிரம் வாசித்தால் அதிலும் பழைய விடைதான்.

நினைவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு எழுத்துக்கும் அது 5 மில்லிசெக்கன்ட் வரை, 3 மில்லி அம்பியர் வரை கேட்கும். ஐஸில் விறைத்த பட்டன் பற்றரிக்கு அந்த உதைதான் பாரம். 2 பைட் எழுதினாலும் ஒரு பக்கம் 64 பைட் எழுதினாலும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் 8 அளவைச் சேர்த்து ஒருமுறை எழுதுகிறேன். 32 சேர்த்திருக்கலாம், பற்றரி திடீரென்று போனால் 5 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பதிவு போய்விடும், அதற்கு எனக்கு மனமில்லை. பற்றரிக்குத் துணையாக 100 மைக்ரோ ஃபராட் மின்பகு கொள்ளளவி வைக்கலாம் என்று நினைத்து அதன் தாளைப் பார்த்தேன். கசிவு 3 மைக்ரோ அம்பியர் வரை என்று போட்டிருந்தது, முழுக் கருவியின் பாதி. வைக்கவில்லை.

இப்போது

12க்கும் புதுப் பற்றரி போட்டாயிற்று. ஒவ்வொன்றையும் கொடுக்கும்முன் 100 ஓம் தடையியோடு இரண்டு தரம் அளக்கிறேன், அறைச் சூட்டில் ஒன்று, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பைக்குள் ஒன்று. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அதே கோப்பையில் வெப்பம் 0லிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதையும் பார்த்து, மூன்று எண்களையும் வெள்ளை ரேப்பில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுகிறேன்.

அலுமாரியில் ஏழு மாதம் கிடந்த ஒன்றின் பற்றரியைப் போன கிழமை கழற்றி 1 கிலோ ஓம் வைத்துப் பார்த்தேன். புதியதற்கும் அதற்கும் என் மீற்றரில் வித்தியாசம் தெரியவில்லை.

கச்சான் காற்று தொடங்கியதும் கலங்கள் போய் வந்தன. ஒரு கலத்தின் பின்பக்கக் கிடங்கில், இயந்திர அறைச் சுவரோடு ஒட்டி வைத்த கருவி, பதினோராம் நாள் இரவில் 0ஐ விட்டு ஏறத் தொடங்கி, பதின்மூன்றாம் நாள் காலையில் 4ஐத் தாண்டியிருந்தது. முன்பக்கத்தில் இருந்தது கடைசிவரை 0ஐ ஒட்டியே கிடந்தது. கோட்டை நானாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக் கலத்து ஸ்கிப்பரிடம், அடுத்த பயணத்தில் அந்தச் சுவர் ஓரம் மீன் போட வேண்டாம், ஐஸ் மட்டும் போடு என்றார்.